வீட்டில் பாய்மரம் செய்வது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நான் இதுவரை செய்த பாய்மரங்கள் இரண்டுதான். முதலாவது கனத்துப்போய் வீணானது, இரண்டாவது இன்றும் படகில் நிற்கிறது. அதைப் பார்ப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளாக இருப்பதால் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாமே சின்னப் படகுகளுக்கானது, அதாவது ஒருவரோ இருவரோ தோளில் தூக்கக்கூடிய மரம். உதாரணம் தேவைப்படும் இடங்களில் என் படகையே எடுத்துக்கொள்கிறேன்: 14 அடிப் படகு, 18 அடி (சுமார் 5.5 மீட்டர்) மரம்.

நாமே செஞ்சா தாங்குமா? வாங்கிடறது நல்லதில்லையா?

தாங்கும். இழைப்புளி பிடிக்கத் தெரிந்து, நேர்க்கோட்டில் ரம்பம் ஓட்டத் தெரிந்தால் போதும், இதில் பெரிய தச்சு வித்தை ஒன்றும் இல்லை. வேலையைவிடப் பசை காயக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம்.

"எந்த மரம் வாங்கலாம்" என்று கவலைப்படுபவர்களில் பத்தில் ஒருவர்கூட "எங்கே ஓட்டை போடலாம்" என்று கேட்பதில்லை. உடைந்த மரங்கள் மூன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு போல்ட் ஓட்டையில் ஒடிந்தவை, மூன்றாவதில், மரம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பியை மாட்டியிருந்த ஆணி கழன்று மரம் சாய்ந்திருந்தது. நடு மரம் சும்மா முறிந்ததை நான் பார்த்ததே இல்லை. அதனால் கீழே ஓட்டை பற்றிய பதில் மட்டும் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் படகுக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு பருமன் வேணும்?

படகின் வரைபடம் இருந்தால் அதில் உள்ளதை அப்படியே செய்யுங்கள். இல்லையென்றால் அதே நீளம், அதே கனம், அதே பாய்ப் பரப்பு உள்ள படகு ஒன்றைத் தேடிப்போய் அளந்து வாருங்கள். கண்மதிப்பில் போடுகிற இடம் இதுவல்ல.

பருமன் விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். உருண்டை மரத்தின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடும், எடை 21 சதவீதம் கூடும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று நான் முதல் மரத்தை 90 மி.மீ. விட்டத்தில் கனமான ஜாதி மரத்தில் செய்தேன். கிட்டத்தட்ட 20 கிலோ வந்தது. மேலே இருக்கும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல் மாதிரி படகைச் சாய்க்கும், கரையில் கட்டியிருக்கும்போதே படகு தள்ளாடியது, பாய் ஏற்றியதும் சொல்லவே வேண்டாம். இரண்டாவது மரம் 75 மி.மீ. விட்டம், உள்ளே வெற்றிடம், 7 கிலோவுக்கும் குறைவு. அதே படகு, வேறு படகு மாதிரி ஓடியது.

இழுப்புக் கம்பி கட்டாம மரத்தை மட்டும் நட்டா நிக்குமா?

நிற்கும், அதற்கென்று செய்திருந்தால். கம்பியில்லாத மரம் மேல்தளத்தில் நுழையும் இடத்தில்தான் (நான் அதைக் கழுத்து என்று சொல்கிறேன்) மொத்த வளைவு விசையையும் வாங்கும். ஆகவே கழுத்தில் மிகவும் பருமனாகவும், அங்கிருந்து உச்சி வரை ஏறக்குறையப் பாதி விட்டத்துக்கு ஒடுங்கியும் இருக்க வேண்டும். கழுத்துக்கும் படகின் அடியில் உள்ள குழிக்கும் இடையே மரத்தின் நீளத்தில் பத்தில் ஒரு பங்காவது இறங்கியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் கூட இருந்தால் நல்லது.

கம்பி கட்டிய மரத்தின் கதையே வேறு. அங்கே கம்பிகள் மரத்தைக் கீழ்நோக்கி அமுக்கும், மரம் ஒரு தூண் போல வேலை செய்யும், நடுப்பகுதிதான் நெளியப் பார்க்கும். அதனால் கம்பியில்லாத மரத்துக்கான அளவைக் கம்பி கட்டிய படகிலும், அதற்கு மாறாகவும் போடாதீர்கள். கம்பி கட்டும் மரத்தை மேல்தளத்தின் மீதே நிறுத்துவதாக இருந்தால் தளத்துக்கு அடியில் முட்டுக்கட்டை ஒன்று அவசியம், இல்லையென்றால் தளம் குழிந்துவிடும்.

எந்த மரம் நல்லது? தேக்கு போடலாமா?

தேக்கு போடாதீர்கள். அழுகாது, அழகு, எல்லாம் சரி, ஆனால் கனம். பாய்மரத்துக்குத் தேவை எடைக்கு ஏற்ற விறைப்பு. பெயர்பெற்றது சிட்கா ஸ்ப்ரூஸ், அதற்கடுத்து டக்ளஸ் ஃபிர், இது கொஞ்சம் கனம், ஆனால் உறுதி. இரண்டும் கிடைக்காவிட்டால் நேர் ரேகையுள்ள, கணு குறைந்த, லேசான ஊசியிலை மரம் எதுவும் ஆகும்.

ஜாதியைவிட ரேகை முக்கியம். பலகையின் ஓரத்தில் ரேகையைப் பின்தொடர்ந்து பாருங்கள், 15 அங்குல நீளத்துக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்து வெளியேறினால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் 12 சதவீதத்தைச் சுற்றி இருக்கட்டும். பச்சை மரம் பசையையும் பிடிக்காது, பிறகு காயும்போது முறுக்கியும் கொள்ளும்.

கணு ஒண்ணு ரெண்டு இருந்தா பரவாயில்லையா?

இறுகிய, பட்டாணி அளவுள்ள கணு நடுவில் இருந்தால் விட்டுவிடலாம். ஓரத்தில் இருக்கும் கணுவும், தட்டினால் ஆடும் கணுவும் கூடாது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு துண்டையும் சாய்பொருத்தாக (முனைகளைச் சாய்வாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக) ஒட்டிவிடுங்கள், அடுத்த பதில் அதுதான்.

18 அடிக்கு ஒரே பலகை கிடைக்கவே இல்லை. ஒட்டி நீளமாக்கினா அந்த இடத்துல விட்டுப்போகாதா?

சாய்வு போதிய நீளம் இருந்தால் விடாது. பாய்மரத்துக்கு 12க்கு 1 என்ற சாய்வு வைத்துக்கொள்ளுங்கள்: 15 மி.மீ. தடிமன் பலகைக்கு 180 மி.மீ. நீளச் சாய்வு. ஒட்டுப்பலகைக்குப் போதும் என்கிற 8க்கு 1 இங்கே போதாது. பல பட்டைகள் சேர்ந்த மரத்தில் எல்லாப் பொருத்தும் ஒரே உயரத்தில் வராமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வையுங்கள். அப்புறம், அவை கழுத்துக்குப் பக்கத்திலும் வரவேண்டாம்.

உள்ளே வெற்றிடமா இருந்தா பலவீனம்தானே?

எல்லாருக்கும் வரும் சந்தேகம். விட்டத்தின் நான்காம் அடுக்கு என்று மேலே சொன்னேனே, அது இங்கே நமக்குச் சாதகம். விட்டத்தில் 60 சதவீத அளவுக்கு நடுவில் குடைந்தெடுத்தால் எடையில் 36 சதவீதம் போகும், விறைப்பில் 13 சதவீதம்தான் போகும். வளையும்போது வெளிவட்டத்து நார்கள்தான் உழைக்கின்றன, நடுவில் இருப்பது பெரும்பாலும் கூட வந்த சுமை.

ஆனால் வெற்றிடம் நசுங்கும். அடிக்குழி, கழுத்து, கம்பி மாட்டும் இடம், உச்சி ஆகிய நான்கு இடங்களிலும் உள்ளே கட்டை அடைத்தே ஆகவேண்டும். அடைப்புக் கட்டையின் முனையைத் தட்டையாக வெட்டி விட்டுவிடாதீர்கள். கெட்டியான பகுதி சட்டென்று முடிகிற கோட்டில்தான் மரம் ஒடியும். முனையை மீன்வால் மாதிரி ஆழமாகப் பிளந்து வெட்டினால் விறைப்பு படிப்படியாகக் குறையும். அடிக்கட்டைக்கு மேலே சின்ன வடிகால் துளை ஒன்றும் வேண்டும், எப்படியும் தண்ணீர் உள்ளே போகும்.

பேர்ட்ஸ்மவுத்னு சொல்றாங்களே, அது என்ன முறை?

எட்டு நீளப் பட்டைகள். ஒவ்வொன்றின் ஒரு விளிம்பிலும் குருவி வாயைத் திறந்தது மாதிரி 90 பாகை வெட்டு. ஒரு பட்டையின் சாதா விளிம்பு அடுத்த பட்டையின் வாய்க்குள் உட்கார, எட்டும் சுற்றிவந்து குழாயாக மூடிக்கொள்ளும். டேபிள் ரம்பத்தை 45 பாகை சாய்த்து இரண்டு ஓட்டு ஓட்டினால் வாய் தயார். அளவு தோராயமாக: பட்டையின் தடிமன் மரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அகலம் ஐந்தில் இரண்டு பங்கு. 75 மி.மீ. மரத்துக்கு 15-க்கு 30 மி.மீ. பட்டை. முன் பதிலில் சொன்ன 60 சதவீத வெற்றிடம் அதுவாகவே வந்துவிடும். மேலே ஒடுங்க வேண்டுமானால் பட்டையின் சாதா விளிம்புப் பக்கம் மட்டும் இழைத்துக் குறைக்க வேண்டும், வாய்ப் பக்கத்தைத் தொடக்கூடாது.

ஒட்டுகிற நாள் கொஞ்சம் கலவரமாகத்தான் இருக்கும். பசை தடவாமல் ஒருமுறை முழுதும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் நேரே பசையோடு இறங்கினேன். ஏழு பட்டை வரை சமர்த்தாக உட்கார்ந்தது, எட்டாவதை நுழைக்கும்போது மறுமுனையில் எல்லாம் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்துகொண்டது, கையுறை வழுக்குகிறது, கிண்ணத்தில் மீதமிருந்த இபாக்ஸி (இரண்டு திரவத்தைக் கலந்ததும் இறுகும் பசை) சூடாகிப் புகைய ஆரம்பித்துவிட்டது. கடைசியில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து ஒரு முனையிலிருந்து இறுக்கிச் சுற்றிக்கொண்டே போய்த்தான் மூடினேன். இப்போது கேட்டால், ஓர் அடிக்கு ஒரு கட்டு, கையோடு இன்னொரு ஆள், இபாக்ஸியைச் சின்னச் சின்னக் கிண்ணமாகக் கலக்குவது, இதைத்தான் சொல்வேன். மூடியதும் நூல் கட்டி நேர் பாருங்கள், ஓரத்தில் கண் வைத்து முறுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். கோணலாகக் காய்ந்ததை நிமிர்த்த முடியாது.

எனக்கு அந்த வெட்டெல்லாம் வேண்டாம், ஒரே கட்டையில செதுக்கிக்கிறேன். சதுரத்தை எப்படி உருண்டை ஆக்குறது?

முதலில் சதுரமாகவே ஒடுக்கத்தை இழைத்து முடியுங்கள். பிறகு எட்டுப் பட்டம் (எட்டு முகம்), பதினாறு பட்டம், கடைசியில் உருண்டை. எட்டுப் பட்டத்துக்குக் கோடு போட எளிய கருவி ஒன்று செய்துகொள்ளலாம். ஒரு சட்டத்தில் 24 பங்கு இடைவெளியில் இரண்டு ஆணி, நடுவில் ஓர் ஆணியிலிருந்து 7-ஆவது, 17-ஆவது பங்கில் இரண்டு பென்சில். இரண்டு ஆணிகளும் மரத்தின் இரு பக்கத்தையும் உரசுமாறு சட்டத்தைச் சாய்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் மரம் ஒடுங்க ஒடுங்கக் கோடும் தானாக ஒடுங்கும். முதல்முறை பார்க்கும்போது மந்திரம் மாதிரி இருக்கும். மூலையைக் கோடு வரை இழைத்தால் எட்டுப் பட்டம் வந்துவிடும், அதற்குமேல் கண்ணும் கையும் போதும். கடைசியில் உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்துக் குறுக்காக இழுங்கள்.

சாதாரண வெள்ளைப் பசை போதாதா?

போதாது. நிரந்தர இழுவையில் அது மெல்ல மெல்ல நகரும், ஈரத்திலும் நம்ப முடியாது. நுரைக்கிற பாலியூரித்தேன் பசை பொருத்து கச்சிதமாக இருந்தால் ஓரளவு சரி, சந்து இருந்தால் அந்த நுரைக்கு வலு கிடையாது. இபாக்ஸிதான் வீட்டு வேலையின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். முதலில் இரண்டு முகத்திலும் சும்மா இபாக்ஸி தடவி மரம் குடிக்க விடுங்கள், பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கி ஒட்டுங்கள். கிளாம்பை முறுக்கித் தள்ளாதீர்கள், பசை முழுதும் பிதுங்கி வெளியே வந்துவிட்டால் பொருத்து வறண்டுபோகும். காய்ந்தபின் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வந்தால் வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்த பூச்சு.

கொக்கி, கிளீட், கப்பி எல்லாம் மாட்ட எங்கே ஓட்டை போடணும்?

முடிந்தவரை போடாதீர்கள். கம்பிகளை உச்சியில் மாட்டுவதற்கு நான் ஒரு போல்ட்கூடப் போடவில்லை. மரத்தின் இரு பக்கத்திலும் சின்னத் தாங்கு கட்டைகளை ஒட்டி, கயிற்றுக் கண்ணிகளை மேலிருந்து மாலை மாதிரி போட்டு அதன்மேல் உட்கார வைத்திருக்கிறேன். பழைய காலத்துப் படகுகளில் அப்படித்தான். விசை மரத்தைச் சுற்றிப் பரவுகிறது, ஒரு நாரும் அறுபடவில்லை. கயிற்று முனையைச் சுற்றிக் கட்டும் கிளீட்டைக்கூடக் கயிற்றால் வரிந்து கட்டலாம்.

போட்டே ஆகவேண்டும் என்றால் முதல் விதி, கம்பியில்லாத மரத்தில் கழுத்துக்கு மேலும் கீழும் ஓர் அடிக்குள் ஓட்டையே போடாதீர்கள். திருகாணிகளை ஒரே சுற்றில் வரிசையாக இறக்காதீர்கள், அது தபால்தலைத் தாளில் துளை போட்ட மாதிரி. மேலும் கீழுமாக மாற்றிப் போடுங்கள். போல்ட் போகும் இடத்தில் உள்ளே கட்டை இருக்க வேண்டும், இல்லையென்றால் நட்டை முறுக்க முறுக்கக் குழாய் நசுங்கும்.

இனி தண்ணீர். ஓட்டையைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, கெட்டி இபாக்ஸியால் அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவில் சரியான அளவுக்குத் துளைக்க வேண்டும். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது. என் முதல் மரத்தில் இதைச் செய்யவில்லை. இரண்டாவது மழைக்காலத்துக்கு அப்புறம் ஒரு திருகாணியைச் சுற்றி வார்னிஷுக்கு அடியில் நகக்கண் அளவுக்குக் கறுப்பு தெரிந்தது. திருகாணியைக் கழற்றி உளி முனையால் குத்தினால் வெண்ணெயில் இறங்குவது மாதிரி ஒரு விரல் ஆழம் போனது. வெளியே பார்த்தால் ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

பாய் ஏத்துற கயிறு எவ்வளவு நீளம், எந்தக் கயிறு, கப்பி எவ்வளவு பெருசு?

மேலே போய்க் கீழே வரவேண்டும் என்பதால் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, அதோடு கையில் பிடிக்க ஐந்தாறு அடி. 18 அடி மரத்துக்கு 42 அடி. நைலான் வேண்டாம், ரப்பர் மாதிரி நீளும், காற்று வீசினால் பாய் தொங்கிப்போகும். முன்னரே இழுத்துத் தளர்வு எடுத்த பாலியெஸ்டர் நல்லது. கப்பிச் சக்கரத்தின் விட்டம் கயிற்றைப் போல எட்டு மடங்கு இருந்தால் கயிறு நீடித்து உழைக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: கயிற்றின் கீழ்முனையை மரத்தின் அடியில் கட்டினால் உச்சிக்கு வரும் அமுக்கம் இரட்டிப்பு. பாய் 40 கிலோ விசையில் இழுபட்டால், கப்பியின் இரு பக்கமும் 40, 40 சேர்ந்து 80 கிலோ மரத்தை அமுக்கும். உச்சியில் உள்ள அடைப்புக் கட்டையும் கப்பியின் அச்சும் அதைத் தாங்க வேண்டும்.

ஸ்டீல் கம்பிக்குப் பதிலா டைனீமா கயிறு கட்டலாமா?

தாராளமாக. டைனீமா என்பது மிக வலுவான செயற்கை இழைக் கயிறு. லேசு, துருப்பிடிக்காது, வீட்டிலேயே கண்ணி பின்னலாம். மூன்று எச்சரிக்கை மட்டும். முடிச்சுப் போடாதீர்கள், வழுக்கும், வலுவில் பாதியும் போய்விடும். முனையைக் கயிற்றுக்குள்ளேயே புதைத்துத்தான் கண்ணி பின்ன வேண்டும். புதைக்கும் நீளம் பொதுவாகக் கயிற்றின் விட்டத்தைப் போல 72 மடங்கு, 5 மி.மீ. கயிற்றுக்கு 36 செ.மீ. இரண்டாவது, கூரான உலோக விளிம்பு உரசும் இடத்தில் நேரே மாட்டாதீர்கள். மூன்றாவது, ஆரம்ப நாட்களில் பின்னல் இறுகித் தளர்வு வரும், திரும்பத் திரும்ப இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். டர்ன்பக்கிளுக்குப் (கம்பியைத் திருகி இறுக்கும் சாதனம்) பதில் சின்னக் கயிற்றை ஐந்தாறு சுற்று ஓட்டி இறுக்கினாலே போதும்.

கயிறோ கம்பியோ, மரத்தோடு அது சேரும் கோணம் 12 பாகைக்குக் குறைந்தால் இழுவையும் மரத்தின் மீதான அமுக்கமும் ஏகத்துக்கு ஏறும். மெல்லிய படகில் உயரமான மரம் வைக்க ஆசைப்படுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பாயை மரத்தோட எப்படிச் சேர்க்கிறது? தண்டவாளம் மாதிரி ஒண்ணு போடுவாங்களே?

அதற்கு வரிசையாகத் திருகாணி வேண்டும், என் கட்சி எது என்று உங்களுக்கே தெரியும். சின்னப் படகுக்குக் கயிற்றுக் கோப்பு போதும். ஆனால் சுருள்சுருளாகச் சுற்றிக்கொண்டு போனால் பாயை இறக்கும்போது மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கயிறு பாயின் கண்ணியில் நுழைந்து மரத்தின் முன்பக்கம் வழியாகப் போய், அடுத்த கண்ணியில் நுழைந்து வந்த வழியே திரும்ப வேண்டும். அப்படிப் போட்டால் மரத்தைச் சுற்றி முழு வளையமே உண்டாகாது, பாய் ஏற்றும் கயிற்றை விட்டதும் பாய் சரசரவென்று இறங்கும்.

இபாக்ஸி பூசியாச்சு, அதுக்கு மேல வார்னிஷ் எதுக்கு?

வெயிலுக்கு. புற ஊதாக் கதிர் இபாக்ஸியை வெளுத்துச் சுண்ணாம்பாக்கிவிடும். அதைத் தடுக்கும் வார்னிஷ் ஐந்தாறு கை பூசுங்கள், வருடம் ஒருமுறை லேசாகத் தேய்த்து ஒன்றிரண்டு கை. பெயிண்டும் நன்றாகவே காப்பாற்றும், ஆனால் கறுப்போ கரும்பச்சையோ வேண்டாம், வெயிலில் சூடேறினால் இபாக்ஸி இளகத் தொடங்கும். எனக்கு வார்னிஷ்தான் பிடிக்கும், கறுத்த பொட்டும் விரிசலும் மறையாமல் தெரியும்.

அலுமினியக் குழாய், ஜிஐ பைப், மூங்கில், இதுல ஏதாவது போட்டா வேலை மிச்சமாகுமே?

ஜிஐ பைப்பை மறந்துவிடுங்கள், இரண்டு அங்குலக் குழாயே மீட்டருக்குச் சுமார் 5 கிலோ. மூங்கில் அருமையான பொருள், ஆனால் காய்ந்து பிளக்கும். ஓட்டையே போடாமல், கணுக்களுக்கு இடையே கயிறு வரிந்து, ஓரிரு வருடத்தில் மாற்றுவேன் என்ற மனதோடு செய்தால் சரி.

அலுமினியம் நல்ல வழி. 6061-டி6 ரகம் கிடைத்தால் மேல். ஒடுங்கிவரும் கொடிக்கம்பங்களைக் கம்பியில்லாத மரமாகப் பலர் பயன்படுத்துகிறார்கள். பிரச்சினை ஸ்டெயின்லெஸ் திருகாணியால் வரும். உப்புத்தண்ணீரில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொரியும். நடுவில் காப்புப் பசையோ பிளாஸ்டிக் தகடோ வையுங்கள், ஸ்டெயின்லெஸ் பாகத்தைப் பிடிக்க மோனல் (நிக்கலும் செம்பும் சேர்ந்த கலவை) ரிவெட் போடுங்கள். இன்னொன்று, இரு முனையையும் அடைத்துவிடுங்கள். படகு கவிழ்ந்தால் மரக்குழாய் மிதக்கும், அடைக்காத அலுமினியக் குழாய் தண்ணீர் குடித்துப் படகைத் தலைகீழாக்கிவிடும்.

தனி ஆளா எப்படி நிமிர்த்துறது?

அடிமுனையை நகராதபடி எதிலாவது முட்டுக்கொடுத்து, உச்சியிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி நடந்துகொண்டே வாருங்கள். கம்பியுள்ள படகில் பக்கக் கம்பி இரண்டையும் முதலிலேயே மாட்டிவிட்டால் மரம் இடவலமாக விழாது. அடிக்கடி இறக்கி ஏற்றுபவர்கள் கீல் வைத்த பெட்டி ஒன்று செய்துகொள்ளலாம்.

அதற்கு முன் தலையைத் தூக்கி மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். படகை நிமிர்த்திய மரத்தோடு வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போதும் பாருங்கள். அலுமினியமும் கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும், நனைந்த மரமும் ஈரக் கயிறும் கடத்தும்.

மரத்துல விரிசல் விழுந்திருக்கு. இனிமே கடலுக்குப் போகலாமா?

எந்தத் திசையில் என்பதைப் பொறுத்தது. ஒரே கட்டையில் செதுக்கிய மரத்தில் ரேகையோடு நீளவாக்கில் ஓடும் மெல்லிய பிளவு காய்வதால் வருவது, பெரும்பாலும் ஆபத்தில்லை. அதை இபாக்ஸி ஊற்றி அடைக்காதீர்கள், மழையில் மரம் உப்பும்போது அந்தக் கெட்டிப் பசையே ஆப்பு மாதிரி பிளவை அகலமாக்கும். மெழுகோ எண்ணெய் மக்கோ போதும். ஆனால் ஒட்டிய குழாயில் பசைக்கோட்டோடு பிளவு ஓடினால் அது பொருத்து விட்டுப்போனது, சுத்தம் செய்து மறுபடி ஒட்ட வேண்டும்.

பயப்பட வேண்டியது குறுக்கே ஓடும் கோட்டுக்கு. முடியளவு மெல்லிசாக, துணி மடிந்த சுருக்கம் மாதிரி இருக்கும், கழுத்துக்கு மேலே அல்லது அடைப்புக் கட்டை முடியும் இடத்தில், அமுங்குகிற பக்கத்தில் வரும். நார்கள் நசுங்கிவிட்டன என்று அர்த்தம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் தட்டினால் அன்றைக்குப் பாய் ஏற்றாதீர்கள். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு 12க்கு 1 சாய்வில் புதுத் துண்டு ஒட்டினால் அதே மரம் மறுபடி நிற்கும்.